பூஜ்யமும் பூஜ்யமும் சமம்: குறியாக்க நூலகம் தன் தளத்தை அறியும் விதம்

எங்கள் குடும்பத்து நிலப் பத்திரங்களை வரிசையாக அடுக்கினால், ஒரே நிலம் மூன்று மாவட்டங்களில் இருப்பதாகத் தெரியும். தாத்தா காலத்துப் பத்திரத்தில் சேலம் மாவட்டம். 1965 அக்டோபரில் தருமபுரி தனி மாவட்டமானது. அதற்குப் பின் எழுதியதில் தருமபுரி மாவட்டம். 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி பிரிந்தது. என் பெயருக்கு மாறிய பத்திரத்தில் கிருஷ்ணகிரி மாவட்டம். நிலம் ஒரு முழம்கூட நகரவில்லை. பத்திரப் பதிவு அலுவலகத்தில் இருப்பவர் எழுதிய ஆண்டைப் பார்த்ததும் விஷயத்தைப் புரிந்துகொள்வார். பெயரை மட்டும் பார்த்து முடிவெடுக்கும் ஒன்றிடம் அந்தப் பத்திரங்களைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் பொருள்.

சி மொழியில் எழுதிய நிரலைக் கம்பைலர் என்ற கருவி புராசஸருக்கான ஆணைகளாக மொழிமாற்றத் தொடங்கும் முன், ப்ரீபிராசஸர் என்ற முதல் கட்டம் அதன் ஊடாக ஒருமுறை நடந்துபோகும். 'இந்தப் பெயர் வரையறுக்கப்பட்டிருந்தால் இந்த வரிகளை வைத்துக்கொள், இல்லாவிட்டால் தூக்கி எறி' என்ற கட்டளைகளை நிறைவேற்றுவது அதன் வேலை. மேக்ரோ எனப்படும் அந்தப் பெயர்களில் ஒரு பகுதியைக் கம்பைலரே முன்கூட்டி வரையறுத்து வைத்திருக்கும்: எந்த புராசஸருக்காக மொழிமாற்றம் நடக்கிறது, எந்த இயங்குதளத்துக்காக, எண்களின் பைட்டுகள் எந்த வரிசையில் அடுக்கப்படும் என்று. ஒரே நூலகம், அதாவது பல நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் ஒரே நிரல் தொகுப்பு, விண்டோஸ் மடிக்கணினியிலும் ஆண்ட்ராய்டு கைப்பேசியிலும் குளிர்பதன அறைச் சுவரில் தொங்கும் சிறு பெட்டியிலும் ஓட வேண்டுமென்றால், அது தன் இருப்பிடத்தை அறிய முதலில் நம்புவது இந்தப் பெயர்களைத்தான்.

குளிர்பதன அறை என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான் ஓசூரில் ஒரு சிறிய நிறுவனத்தில் வேலை செய்கிறேன். தளி, பாகலூர்ப் பக்கத்துப் பசுமைக்குடில்களில் பறித்த ரோஜாக்களை வெளியூருக்கு ஏற்றும் வரை குளிரில் வைக்கிறார்கள். அந்த அறையின் வெப்பநிலையைக் குறித்துவைக்கும் பெட்டிகளை நாங்கள் செய்கிறோம். வாங்குபவர் அந்தப் பதிவை நம்ப வேண்டும். இடையில் யாரும் எண்ணைத் திருத்தவில்லை என்று காட்ட வேண்டும். அதனால் ஒவ்வொரு பதிவோடும், ஒரு ரகசியச் சாவியையும், எந்தத் தரவையும் ஒரு நிலையான நீள எண்ணாகச் சுருக்கும் எஸ்எச்ஏ-256 ஹாஷ் கணக்கையும் கொண்டு உருவாக்கிய முத்திரை ஒன்றைச் சேர்க்கிறோம். வாங்குபவர் தன் கணினியில் ஒரு சிறு நிரலை ஓட்டி முத்திரையைச் சரிபார்க்கலாம்.

ஒரு பிப்ரவரித் தொடக்கத்தில், ரோஜாவுக்குத் தேவை உச்சத்தில் இருந்த வாரத்தில், சரிபார்க்கும் நிரலின் விண்டோஸ் பதிப்பைப் புதிதாகக் கட்டினோம். ஒரு முத்திரைகூட ஒத்துப்போகவில்லை. பெட்டி கெட்டுவிட்டதோ, வழியில் தரவு சிதைகிறதோ என்று இரண்டு நாள் வலைப்பின்னலையே குடைந்தோம். மூன்றாம் நாள் காலை உடன் வேலை செய்யும் தம்பி வந்து, "அண்ணா, வந்து சேரும் தரவில் ஒரு பைட்கூட மாறவில்லை. இரண்டு பக்கமும் ஏ, பி, சி என்ற மூன்று எழுத்துக்கு மட்டும் ஹாஷ் எடுத்துப் பார்ப்போமா?" என்றார். அந்த மூன்று எழுத்துக்கான விடை உலகறிந்தது. பதினாறிலக்க முறையில் பிஏ7816பிஎஃப் என்று தொடங்கும். பெட்டி சரியாகச் சொன்னது. விண்டோஸ் நிரல் வேறு எதையோ சொன்னது.

குற்றவாளி ஒரே ஒரு வரி. ஜிசிசி, கிளாங் ஆகிய கம்பைலர்கள் பைட் வரிசையைச் சொல்லும் மேக்ரோ ஒன்றை முன்கூட்டி வரையறுக்கின்றன. அதை ஒப்பிடுவதற்காக 'பெரிய முனை முதலில்' (எண்ணின் உயர்மதிப்பு பைட் முன்னால்) என்பதற்கு ஒரு மாறிலியும், 'சிறிய முனை முதலில்' (தாழ்மதிப்பு பைட் முன்னால்) என்பதற்கு ஒரு மாறிலியும் தருகின்றன. எங்கள் நூலகத்தில் இருந்த வரி இப்படிக் கேட்டது: பைட் வரிசை என்ற பெயரின் மதிப்பும் பெரிய முனை என்ற பெயரின் மதிப்பும் சமமா? பெட்டிக்கான நிரலை ஜிசிசி கட்டியது. அங்கே விடை 'இல்லை', அதுதான் சரி. மைக்ரோசாப்டின் கம்பைலருக்கு அந்த இரண்டு பெயர்களுமே தெரியாது. தெரியாத பெயர் நிபந்தனை வரியில் வந்தால் அதைப் பூஜ்யமாகக் கொள்ள வேண்டும் என்பது சி மொழியின் விதி. பூஜ்யமும் பூஜ்யமும் சமமா? சமம். ஆகவே சிறிய முனை முதலில் வரும் சாதாரண மடிக்கணினி, பெரிய முனை எந்திரமாகக் கருதப்பட்டு, ஒவ்வொரு நான்கு பைட்டும் தலைகீழாக வாசிக்கப்பட்டது. பிழைச் செய்தி இல்லை. எச்சரிக்கையும் இல்லை. மைக்ரோசாப்டின் கம்பைலரில் இதற்கென்றே சி4668 என்ற எச்சரிக்கை உண்டு. ஆனால் இயல்பாக அது அணைந்தே இருக்கும்.

எனக்கு இன்னும் உறுத்துவது அந்த இரண்டு நாள் அலைச்சல் அல்ல. பெட்டியையும் அதே தவறான வரியில், அதே விதமாகக் கட்டியிருந்தால் இரு பக்கமும் ஒரே தவறான விடையைச் சொல்லியிருக்கும். முத்திரைகள் அழகாகப் பொருந்தியிருக்கும். எஸ்எச்ஏ-256 என்ற பெயரில் யாரும் ஆராயாத, யாரும் உறுதிசொல்லாத ஏதோ ஒரு கணக்கை நாங்கள் ஆண்டுக்கணக்கில் விற்றுக்கொண்டிருப்போம். மற்ற மென்பொருளில் தவறு செய்தால் திரை கோணலாகும், கணக்கு உதைக்கும், யாராவது தொலைபேசியில் திட்டுவார்கள். குறியாக்கத்தில் தவறு பெரும்பாலும் மௌனமாக இருக்கும். அதனால்தான் 'நான் எங்கே இருக்கிறேன்' என்ற கேள்வியை ஒரு குறியாக்க நூலகம் மற்ற எதையும்விடக் கவனமாகக் கேட்க வேண்டியிருக்கிறது.

கேள்வி கடினமாவதற்கு முதல் காரணம் பெயர்களின் குழப்பம். எங்கள் மாவட்டத்தில் பெங்களூரா என்று சொல்லும் மாம்பழமே தோத்தாபுரி, அதுவே கிளிமூக்கு. அதுபோல, இன்டெல் வழியில் வந்த 64 பிட் புராசஸரை ஜிசிசி குடும்பம் முன்னும் பின்னும் இரட்டை அடிக்கோடு போட்ட எக்ஸ்86_64 என்ற பெயரால் அழைக்கிறது. மைக்ரோசாப்ட் எம்_எக்ஸ்64 என்கிறது, எம்_ஏஎம்டி64 என்றும் சொல்கிறது. இது சமாளிக்கக்கூடிய குழப்பம். எல்லாப் பெயரையும் ஒரே இடத்தில் எழுதிவைத்து, நமக்கென்று ஒரு பெயர் சூட்டிக்கொண்டால் முடிந்தது.

உண்மையான தொல்லை, பெயர் ஒன்றாகவும் பொருள் வேறாகவும் இருப்பது. வின்32 என்ற மேக்ரோவைப் பார்த்தால் 32 பிட் விண்டோஸ் என்றே யாரும் நினைப்பார்கள். 64 பிட் விண்டோஸிலும் அது வரையறுக்கப்பட்டிருக்கும். சேலம் மாவட்டம் என்று சொல்லும் எங்கள் தாத்தா பத்திரம் இன்றும் செல்லுபடியாவது போல. 64 பிட்டா என்று அறிய வின்64 என்ற இன்னொரு பெயரைக் கேட்க வேண்டும். ஆண்ட்ராய்டுக்குக் கட்டும்போது லினக்ஸ் என்ற மேக்ரோவும் உடன் இருக்கும். லினக்ஸை முதலில் கேட்டுவிட்டால் ஆண்ட்ராய்டுக்கான கிளைக்கு நிரல் போகவே போகாது. கிளாங் தன்னை குனு கம்பைலரின் (ஜிசிசியின்) 4.2.1 பதிப்பு என்று அறிமுகப்படுத்திக்கொள்கிறது, பழைய நிரல்கள் உடையாமல் இருப்பதற்காக. ஆப்பிளின் தலைப்புக் கோப்பில் (மற்ற நிரல்கள் சேர்த்துக்கொள்ளும் வரையறைக் கோப்பில்) 'மேக் இயங்குதளம்' என்று பொருள்படும் மேக்ரோவின் மதிப்பு ஐபோனுக்குக் கட்டும்போதும் 1 தான். மேசைக் கணினியை மட்டும் குறிக்க வேறு பெயர் உண்டு. அந்தக் கோப்பில் எல்லாப் பெயர்களும் வரையறுக்கப்பட்டிருக்கும், பொருந்தாதவற்றின் மதிப்பு பூஜ்யமாக இருக்கும். 'வரையறுக்கப்பட்டிருக்கிறதா' என்று கேட்டால் எல்லாவற்றுக்கும் 'ஆம்' என்றே விடை வரும். 'மதிப்பு என்ன' என்று கேட்க வேண்டும்.

இவற்றில் மிகவும் விசித்திரமானது மைக்ரோசாப்டின் ஆர்ம்64இசி. பழைய இன்டெல் வகை நிரல்களோடு ஒரே நினைவகத்தில் கலந்து ஓடுவதற்காக, கைப்பேசிகளில் பரவலாக உள்ள ஆர்ம் வகைப் புராசஸருக்கு உருவாக்கிய முறை அது. அதில் கட்டும்போது கம்பைலர் எம்_எக்ஸ்64 என்ற பெயரையும் வரையறுக்கிறது. கீழே ஓடுவது ஆர்ம். 'எக்ஸ்64 என்றால் நான் கையால் எழுதிய அசெம்பிளியை (புராசஸரின் ஆணைகளை நேரடியாக எழுதிய நிரலை) சேர்' என்று எழுதிய நூலகம் அங்கே தடுமாறும். லினக்ஸிலும் இப்படி ஒரு மூலை உண்டு: எக்ஸ்32 என்ற முறையில் எக்ஸ்86_64 மேக்ரோ இருக்கும், 64 பிட் ரெஜிஸ்டர்கள் (புராசஸருக்குள் எண்களை வைக்கும் இடங்கள்) இருக்கும், ஆனால் நினைவக முகவரிகள் 32 பிட். புராசஸரின் பெயரைப் பார்த்து முகவரியின் அகலத்தை ஊகித்தால் அங்கே தவறிவிடும். 64 பிட் விண்டோஸில் லாங் என்ற எண் வகை 32 பிட், 64 பிட் லினக்ஸில் அதுவே 64 பிட் என்பதையும் இதோடு சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

கட்டும் முன் ஒரு ஸ்கிரிப்டை ஓட்டி எந்திரத்தைச் சோதித்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். பல நூலகங்கள் அப்படித்தான் செய்தன. நாங்கள் ஓசூரில் மேசைக் கணினியில் உட்கார்ந்துகொண்டு சுவர்ப் பெட்டிக்குக் கட்டுகிறோம். ஸ்கிரிப்ட் சோதிப்பது மேசைக் கணினியை. ஆப்பிள் கணினியில் ஒரே கட்டளையில் இன்டெல்லுக்கும் ஆர்முக்கும் சேர்த்து ஒரே கோப்பாகக் கட்ட முடியும். ஸ்கிரிப்ட் ஒருமுறை ஓடி ஒரு விடையைத்தான் எழுதும், கம்பைலர் இருமுறை ஓடும். அந்த இரண்டாவது ஓட்டத்துக்குச் சரியான விடையைத் தரக்கூடியது கம்பைலரின் சொந்த மேக்ரோ மட்டுமே. ஆகவே மேக்ரோவை விட்டுவிட முடியாது. சரியான கேள்வியைக் கேட்கக் கற்றுக்கொள்வதுதான் வழி.

சரியான கேள்வி என்பது பெரும்பாலும் பெயரைப் பற்றியதாக இருக்காது. சாவிகளைப் பரிமாறிக்கொள்ளப் பயன்படும் கர்வ்25519 என்ற வளைவுக் கணக்கை எடுத்துக்கொள்வோம். 64 பிட் எண்களைப் பெருக்கி 128 பிட் விடையை வைத்துக்கொள்ள முடிந்தால், பெரிய எண்ணை ஐந்து துண்டுகளாகப் பிரித்து வேகமாகச் செய்யலாம். முடியாவிட்டால் பத்துத் துண்டுகள். இதற்கு 'நீ எக்ஸ்86_64 தானா, ஆர்ம்64 தானா, பவர்பிசி தானா' என்று ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்ட வேண்டியதில்லை. 128 பிட் எண் வகை இருக்கும் இடத்தில் மட்டும் அதன் அளவைச் சொல்லும் மேக்ரோவை ஜிசிசியும் கிளாங்கும் வரையறுக்கின்றன. அதைக் கேட்டால் போதும். நாளை வரும் புராசஸருக்கும் அந்த விடை பொருந்தும்.

பைட் வரிசையில் இன்னும் ஒரு படி மேலே போகலாம்: கேட்காமலே இருக்கலாம். நான்கு பைட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, 24, 16, 8 பிட் நகர்த்தி ஒன்றாகச் சேர்த்தால், எந்த எந்திரத்திலும் ஒரே விடை வரும். மெதுவாக இருக்குமே என்ற பயம் பழையது. இன்றைய ஜிசிசியும் கிளாங்கும் அந்த வடிவத்தை அடையாளம் கண்டு, ஒரு வாசிப்பும் ஒரு திருப்பலுமாகச் சுருக்கிவிடுகின்றன. எங்கள் நிரலில் அந்தச் சபிக்கப்பட்ட வரியை அழித்துவிட்டு இதைத்தான் எழுதினோம். எங்கள் பெட்டியில் வேகம் குறைந்ததாகத் தெரியவில்லை.

மேக்ரோவால் விடை சொல்லவே முடியாத கேள்விகளும் உண்டு. பரவலாகப் பயன்படும் ஏஇஎஸ் என்ற குறியாக்க முறைக்கென்று தனி ஆணைகளை இன்டெல் 2008இல் அறிவித்து, 2010இல் வந்த புராசஸர்களில் சேர்த்தது. ஆர்மின் எட்டாம் பதிப்பிலும் அத்தகைய ஆணைகள் உண்டு. ஆனால் அவை விருப்பத்துக்குரிய சேர்க்கை. 64 பிட் ஆர்ம் என்று தெரிந்ததும் ஏஇஎஸ் ஆணை இருக்கும் என்று எடுத்துக்கொள்பவர்கள் ராஸ்பெர்ரி பை 4 என்ற சிறு கணினியில் மாட்டிக்கொள்வார்கள். அது 64 பிட் ஆர்ம் தான், ஏஇஎஸ் ஆணைகள் அதில் இல்லை. ராஸ்பெர்ரி பை 5இல்தான் வந்தன. மேக்ரோ சொல்வது, கட்டும்போது கம்பைலருக்கு எந்த ஆணைகளைப் பயன்படுத்த அனுமதி தரப்பட்டது என்பதை. ஓடும் எந்திரத்தில் அது உண்டா என்பதை ஓடும்போதுதான் கேட்க முடியும். இன்டெல் வகையில் சிபியுஐடி என்ற ஆணை, லினக்ஸ் ஆர்மில் இயங்குதளத்தின் மையமான கெர்னல் தரும் வன்பொருள் திறன் பட்டியல், விண்டோஸில் அதற்கென்று ஒரு சார்பு (அழைத்தால் விடை தரும் நிரல் பகுதி). ஏவிஎக்ஸ் போன்ற அகலமான ரெஜிஸ்டர்களுக்கு புராசஸர் 'உண்டு' என்று சொன்னாலும் போதாது. இயங்குதளம் அவற்றைச் சேமித்து மீட்கிறதா என்றும் கேட்டாக வேண்டும்.

இங்கே மேக்ரோவின் பங்கு சிறியது, ஆனால் தவிர்க்க முடியாதது: எந்த முறையில் கேட்பது என்பதைத் தேர்ந்தெடுப்பது. அதோடு, ஏஇஎஸ் ஆணை கொண்ட சார்புகளை மட்டும் தனிக் கோப்பில் வைத்து, அந்தக் கோப்புக்கு மட்டும் அந்த அனுமதியைத் தர வேண்டும். மொத்த நூலகத்துக்கும் தந்துவிட்டால், கம்பைலர் அந்தக் குடும்பத்துப் புதிய ஆணைகளைக் குறியாக்கத்துக்குச் சம்பந்தமில்லாத இடங்களிலும் விதைத்துவிடும். பழைய எந்திரத்தில் நிரல் தொடங்கியதும் செத்துவிழும்.

சரி, ஆணை இல்லையென்று தெரிந்தால் என்ன செய்வது? பழைய பழக்கம், முன்கணக்கிட்ட அட்டவணைகளைப் பார்த்து ஏஇஎஸ் செய்வது. அட்டவணையில் எந்த இடத்தை வாசிக்கிறோம் என்பது ரகசியச் சாவியைப் பொறுத்தது. அந்த இடம் புராசஸரின் கேஷ் என்ற விரைவு நினைவகத்தில் ஏற்கெனவே இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்து நேரம் மாறும். அந்த நேர வேறுபாட்டை அளந்தே சாவியை மீட்க முடியும் என்று குறியாக்க ஆய்வாளர் டேனியல் பெர்ன்ஸ்டைன் 2005இல் காட்டினார். ஆக, தளத்தைத் தவறாக அறிந்த நூலகம் வெறுமனே மெதுவாவதில்லை. விடை சரியாக இருந்துகொண்டே சாவியைக் கசியவிடும் பாதைக்குப் போய்விடலாம். ஏஇஎஸ் ஆணை இல்லாத கைப்பேசிகளுக்காக கூகுள் 2014இல் தன் உலாவியில் சாச்சா20 முறையைக் கொண்டுவந்ததை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும். கூட்டல், சுழற்றல், எக்ஸ்ஓஆர் (பிட்டுகளை ஒப்பிட்டு வேறுபாட்டைத் தரும் செயல்) ஆகிய மூன்றால் ஆன முறை அது, அட்டவணை கிடையாது. தனி வன்பொருள் இல்லாமலே வேகமாகவும் ஒரே சீரான நேரத்திலும் ஓடும்.

எல்லாவற்றிலும் ஆபத்தான கிளை ரேண்டம் எண்ணுக்கானது, அதாவது யாரும் முன்கூட்டி ஊகிக்க முடியாத எண்ணுக்கானது. விண்டோஸில் ஒரு சார்பு; லினக்ஸில் 2014இல் வந்த 3.17 கெர்னல் முதல் கெட்ரேண்டம், ஓபன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தில் கெட்என்ட்ரோபி. இவை எதுவும் பொருந்தாத தளத்தில் என்ன செய்வது? 'மற்றவை' என்ற கிளையில் கடிகார நேரத்தை விதையாக, அதாவது ரேண்டம் எண்கள் தொடங்கும் மூல எண்ணாக, போட்டு வைக்கும் நிரல்களைப் பார்த்திருக்கிறேன். எழுதியவர் கெட்ட எண்ணத்தில் எழுதியிருக்க மாட்டார். எப்படியாவது கட்டுமானம் முடிந்தால் போதும் என்று அன்றைக்கு நினைத்திருப்பார். ஆனால் சாவி உருவான நேரத்தைத் தோராயமாக அறிந்தவன் அந்தச் சாவியையே அறிந்தவன்.

ரேண்டம் எண் மௌனமாகப் பாழாவது எப்படி இருக்கும் என்பதற்கு லினக்ஸ் பதிப்புகளில் ஒன்றான டெபியன் ஒரு பாடம். ஓபன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க நூலகத்தில் ரேண்டம் விதையைக் கலக்கும் இரண்டு வரிகள் நினைவகச் சோதனைக் கருவியில் எச்சரிக்கை எழுப்பின. மூல நிரலில் அவற்றில் ஒன்றைச் சுற்றி, ப்யூரிஃபை என்ற சோதனைக் கருவிக்காக ஒரு மேக்ரோ வேலி ஏற்கெனவே இருந்தது: சோதனையின்போது மட்டும் அந்த வரி மறையும். 2006இல் டெபியன் பதிப்பில் இரண்டு வரிகளும் நிரந்தரமாக நீக்கப்பட்டன. அவற்றில் ஒன்று உண்மையான விதையைக் கொண்டுவரும் வரி. மிஞ்சியது, ஓடும் ஒவ்வொரு நிரலுக்கும் இயங்குதளம் தரும் செயல்முறை எண் மட்டும். அதிகபட்சம் 32,768 சாத்தியங்கள். 2008 மே மாதம் வரை, டெபியனிலும் அதைச் சார்ந்த உபுண்டு போன்றவற்றிலும் ஓபன்எஸ்எஸ்எல்லைக் கொண்டு உருவான சாவிகள் எல்லாம் அந்தச் சின்னக் குவியலிலிருந்து வந்தவை. அவையும் எந்திர வகைக்கு ஏற்ப வேறுபட்டன என்பதால், தாக்குபவர் 32 பிட்டுக்கு ஒன்று, 64 பிட்டுக்கு ஒன்று என்று தனித்தனிப் பட்டியல் வைத்துக்கொண்டால் போதும் என்ற நிலை.

அதனால் ஒரு குறியாக்க நூலகத்தில் எனக்கு மிகவும் பிடித்த வரி, கட்டுமானத்தை நிறுத்தும் வரிதான். கூகுளின் போரிங்எஸ்எஸ்எல் நூலகத்தில் தளத்தை அறியும் தலைப்புக் கோப்பைத் திறந்தால், தெரிந்த புராசஸர்களை ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டு, கடைசியில் 'அறியாத புராசஸர்' என்று பிழை எழுப்பி நின்றுவிடும். சிறிய முனை முதலில் வரும் 32 பிட், 64 பிட் எந்திரங்களை மட்டுமே ஆதரிக்கிறோம், மற்றவற்றில் விடை சரியாக வராது, புதிய தளத்தைச் சேர்க்கும் முன் சோதனைகளை ஓட்டுங்கள் என்று அதன் பக்கத்திலேயே எழுதியிருக்கிறார்கள். நினைவகத்திலிருந்து ரகசியங்களைக் கசியவிட்ட ஓபன்எஸ்எஸ்எல் பிழையான ஹார்ட்பிளீட் வெளியான 2014 ஏப்ரலில் ஓபன்பிஎஸ்டி குழுவினர் ஓபன்எஸ்எஸ்எல்லைப் பிரித்து லிப்ரெஎஸ்எஸ்எல் ஆக்கியபோது, முதல் வாரத்திலேயே 90,000 வரிகளுக்கு மேல் வெட்டினார்கள். அதில் ஒரு பகுதி, யாரும் கட்டிப் பார்க்காத பழைய தளங்களுக்கான கிளைகள். சோதிக்கப்படாத கிளை ஆதரவு ஆகாது. அது ஒரு ஊகம். ஊகத்தின்மேல் சாவியை வைக்கக் கூடாது.

எங்கள் நூலகத்தில் இப்போது தளத்தைக் கேட்கும் வரிகள் ஒரே கோப்பில் இருக்கின்றன. வேறு எந்தக் கோப்பிலும் கம்பைலரின் பெயர்களை நேரடியாகத் தொடக்கூடாது என்று வைத்திருக்கிறோம். வரையறுக்கப்படாத பெயரைப் பூஜ்யமாகக் கொள்ளும்போது எழும் எச்சரிக்கையை எல்லாக் கம்பைலரிலும் இயக்கி, அதைப் பிழையாகவே ஆக்கிவிட்டோம். நிரல் தொடங்கும்போது ஏ, பி, சி மூன்றெழுத்துக்கு ஹாஷ் எடுத்து, பிஏ7816பிஎஃப் வராவிட்டால் மேலே ஓடாது.

அண்மையில் பெட்டிக்கு மலிவான புதிய சிப் ஒன்றை மாற்றினோம்: இஎஸ்பி32-சி3. பழைய பெட்டியில் இருந்தது ஆர்ம். இது ரிஸ்க்-5 என்ற வேறு வகை 32 பிட் புராசஸர். முதல் கட்டுமானம் பத்து நொடிகூட ஓடவில்லை. 'இந்தப் புராசஸரை அறியேன்' என்ற எங்கள் சொந்த வரியிலேயே நின்றது. தம்பியும் நானும் மதியம் முழுக்க உட்கார்ந்து கேள்விகளை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். 128 பிட் எண் வகை இல்லை, ஆகவே பத்துத் துண்டு. ஏஇஎஸ் புராசஸர் ஆணையாக இல்லை, தனிச் சாதனமாக சிப்புக்குள்ளேயே இருக்கிறது. ரேண்டம் எண்ணில்தான் நின்றோம். அதற்கான வன்பொருள் சிப்பில் உண்டு. ஆனால் வைஃபையும் புளூடூத்தும் அணைந்திருந்து, வேறு இரைச்சல் மூலமும் இயக்கப்படாவிட்டால், அது தரும் எண்களைப் போலி ரேண்டமாகவே கருத வேண்டும் என்று தயாரிப்பாளரின் ஆவணம் சொல்கிறது. எங்கள் பெட்டி சாவியை உருவாக்குவது பெட்டி முதன்முதலில் விழிக்கும்போது, வைஃபை இயங்கத் தொடங்கும் முன். அந்த வரிசையை மாற்றி, வைஃபை எழுந்த பிறகே சாவி பிறக்கும்படி செய்தோம். அதன்பின் அந்தத் தலைப்புக் கோப்பில் ரிஸ்க்-5 என்ற பெயரை ஒரு வரியாகச் சேர்த்தோம்.